கெல்லர்மன்ஸ் விடுதி எங்கே இருக்கிறது? ‘டர்ட்டி டான்சிங்’ படத்தின் நிஜ இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987 ஆகஸ்டில் வெளியான ‘டர்ட்டி டான்சிங்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1963 கோடையில் பெற்றோருடனும் அக்காவுடனும் ஒரு மலை விடுதிக்கு மூன்று வாரம் தங்க வருகிறாள், வீட்டில் ‘பேபி’ என்று அழைக்கப்படும் பெண். விருந்தினர்களுக்கு நடனம் சொல்லித்தரும் ஜானியின் ஜோடி பென்னி ஆட முடியாத நிலை வர, அவள் இடத்தில் ஆடுவதற்குப் பேபி பயிற்சி எடுக்கிறாள். காதல் வருகிறது, பின்னாலேயே அப்பாவின் கோபமும் வருகிறது. ஜெனிஃபர் கிரேயும் பேட்ரிக் ஸ்வேஸியும் நடித்தார்கள். எழுதியவர் எலினோர் பெர்க்ஸ்டீன், இயக்கியவர் எமில் ஆர்டோலினோ, நடன அமைப்பு கென்னி ஓர்ட்டேகா. படத்தில் வரும் கெல்லர்மன்ஸ் விடுதியைத் தேடிப் போக ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

கெல்லர்மன்ஸ் என்று ஒரு விடுதி உண்மையில் உண்டா?

இல்லை. அந்தப் பெயரில் எப்போதும் இருந்ததில்லை. திரையில் ஒரே வளாகமாகத் தெரிவது மூன்று மாநிலங்களை ஒட்டவைத்த இடம். கதை நடப்பது நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில். ஓட்டலின் முகப்பையும் சாப்பாட்டுக் கூடத்தையும் எடுத்தது வர்ஜீனியாவில். நடனங்களில் பெரும்பகுதியை எடுத்தது வட கரோலினாவில்.

அதனால், “கெல்லர்மன்ஸுக்கு எப்படிப் போவது?” என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படம் எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டுமா, கதை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமா? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். முதலாவதில் பார்ப்பதற்குக் கட்டடமும் ஏரியும் இருக்கின்றன. இரண்டாவதில் பெரும்பாலும் புல்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்கே. ஏன் என்பது கீழே வரும்.

நியூயார்க் கதையைத் தெற்கே கொண்டுபோய் ஏன் எடுத்தார்கள்?

பணம்தான் முதல் காரணம். பெரிய ஸ்டுடியோக்கள் கைவிட்ட கதை இது. வீடியோ கேசட் விற்றுவந்த வெஸ்ட்ரான் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டு, சுமார் 60 லட்சம் டாலருக்குள் முடிக்கச் சொன்னது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. தெற்கு மாநிலங்களில் அந்தப் பணம் இன்னும் கொஞ்ச தூரம் போகும்.

இன்னொரு காரணம், கேட்ஸ்கில்லில் 1963-ஐப் போலத் தோற்றமளிக்கும் விடுதி கட்டுப்படியாகும் வாடகைக்குக் கிடைக்கவில்லை. பல விடுதிகள் மூடிக்கிடந்தன. மற்றவை காலத்துக்கேற்பக் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக மாறியிருந்தன. ஆகவே பழைய முகம் மாறாத கல் கட்டடம் ஒன்றை வர்ஜீனியாவிலும், ஏரிக்கரையில் கைவிடப்பட்ட பையன்கள் முகாம் ஒன்றை வட கரோலினாவிலும் பிடித்தார்கள். இரண்டையும் படத்தொகுப்பில் ஒன்றாக்கிவிடலாம் என்பது திட்டம். ஒன்றாக்கியும்விட்டார்கள்.

எந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது?

வர்ஜீனியாவின் ஜைல்ஸ் கவுன்டியில், பெம்ப்ரோக் ஊருக்கு மேலே மலையுச்சியில் இருக்கிறது மவுன்டன் லேக் லாட்ஜ். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,900 அடி உயரம். அந்த வட்டாரத்துக் கல்லை வெட்டி 1936-இல் கட்டிய ஓட்டல் அது. பேபியின் குடும்பமான ஹவுஸ்மன் குடும்பத்தின் கார் வந்து நிற்கும்போது தெரியும் முகப்பு இதுதான். விருந்தினர்கள் கூடிச் சாப்பிடும் கூடமும் இங்கேதான், இன்றும் அது சாப்பாட்டுக் கூடமாகவே இயங்குகிறது. ஹவுஸ்மன் குடும்பம் தங்கிய குடில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘வர்ஜீனியா காட்டேஜ்’ என்பது அதன் பழைய பெயர், ரசிகர்களுக்கோ அது ‘பேபியின் குடில்’. அப்பா தனியாக உட்கார்ந்திருக்க, பேபி வந்து அழுதுகொண்டே தன் மனதில் உள்ளதைக் கொட்டும் ஏரிக்கரை மர மண்டபமும் இந்த மலையில் எடுத்ததுதான். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அது. நடனம் ஒரு அடிகூட இல்லாத காட்சி.

மற்றதை எல்லாம் வட கரோலினாவின் லேக் லூர் ஊரில் தேட வேண்டும். பணியாளர்கள் தங்குமிடம், அங்கே இரவில் நடக்கும் நெருக்கமான ஆட்டம், தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு பேபி ஏறும் படிகள், ஜானியின் அறை, மேடையில் நடக்கும் இறுதி நடனம் எல்லாமே அந்த ஊர்தான். அப்பாவிடம் காரணம் சொல்லாமல் 250 டாலர் கேட்கிறாளே, அந்த கோல்ஃப் மைதானமும் அங்கேதான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். விருந்தினர்கள் புழங்கும் இடங்கள் பெரும்பாலும் வர்ஜீனியா, பணியாளர்கள் புழங்கும் இடங்கள் பெரும்பாலும் வட கரோலினா. கீழ்த்தட்டு இளைஞர்களின் உலகத்துக்குள் பேபி அந்தச் சிறு பாலத்தைத் தாண்டிப் படியேறிப் போகும்போது, ஒரு மாநில எல்லையையும் தாண்டியிருக்கிறாள். இயக்குநர் திட்டமிட்டதல்ல, வசதி பார்த்து அமைந்தது. ஆனாலும் கதைக்கு அவ்வளவு பொருத்தம்.

ஜானி பேபியை ஏரித் தண்ணீரில் தூக்கும் காட்சி, மவுன்டன் லேக் ஏரியில்தானே?

அதிகம் பேர் கேட்பதும் அதிகம் பேர் தவறாகச் சொல்வதும் இதுதான். அந்தக் காட்சியை எடுத்தது லேக் லூர் ஏரியில். பெயரிலேயே ஏரி இருப்பதாலும் ஓட்டல் அங்கே இருப்பதாலும் எல்லோரும் மவுன்டன் லேக் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

காட்சியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கேமரா தள்ளியே நிற்கிறது. இருவரின் முகத்துக்கும் குளோசப் கிடையாது. தண்ணீர் அவ்வளவு சில்லிட்டிருந்ததால் உதடுகள் நீலம் பாய்ந்துவிட்டன, நெருக்கத்தில் எடுத்தால் கோடைக்காலம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். திரையில் சிரிப்பும் கும்மாளமுமாகத் தெரிவதற்குப் பின்னால் பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன.

கோடைக்கால ஏரியில் குளிரா? எப்போது எடுத்தார்கள்?

1986 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கி அக்டோபர் இறுதியில் முடித்தார்கள். சீசன் முடிந்து விருந்தினர்கள் காலி செய்த பிறகுதான் ஓட்டல் மலிவாகக் கிடைக்கும். தொடக்கத்தில் புழுக்கம் தாங்கவில்லை. விளக்குகளின் சூடும் சேர்ந்துகொள்ள, உள்ளரங்கக் காட்சிகளில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். பின்பாதியில் நிலைமை தலைகீழ்: மலையில் இலையுதிர் காலம் வந்து மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறத் தொடங்கின. கதையிலோ ஆகஸ்ட் மாதம். கலைப் பிரிவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? இலைகளுக்குப் பச்சை வண்ணம் பீய்ச்சினார்கள்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல துப்பு. வெளிப்புறக் காட்சிகளில் முன்னால் இருக்கும் செடிகள் பளிச்சென்ற பச்சையாகவும், பின்னால் மலைச்சரிவு பழுத்த நிறமாகவும் இருந்தால், படப்பிடிப்பின் கடைசி வாரங்களில் எடுத்த ஷாட் என்று ஊகிக்கலாம்.

இன்னொரு துப்பு கல். மவுன்டன் லேக் கட்டடங்களில் சொரசொரப்பான கல் சுவர் எங்காவது எட்டிப்பார்க்கும். லேக் லூர் முகாமின் கட்டடங்கள் எளிய மரக் கொட்டகைகள். சுவர் தெரியாத இடத்தில் ஏரியின் விளிம்பைப் பாருங்கள். லேக் லூரில் தண்ணீருக்குப் பின்னால் மலை செங்குத்தாக எழும். மவுன்டன் லேக்கில் ஓட்டலே உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால், சுற்றிலும் தெரிவது காடு மூடிய தாழ்ந்த மேடுகள்தான்.

மவுன்டன் லேக் ஏரியே காணாமல் போய்விட்டதாமே?

உண்மைதான். 2008 இலையுதிர் காலத்தில் அந்த ஏரி ஏறக்குறைய முழுக்க வற்றியது. படத்தைப் பார்த்துவிட்டு ஆசையாக வந்தவர்கள் ஓட்டலுக்கு எதிரே ஒரு புல்வெளிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த ஆண்டு வறண்ட தரையில் ஒருவரின் எலும்புகளும் கிடைத்தன. 1921-இல் ஏரியில் மூழ்கி, உடல் கிடைக்காமலே போனவர் அவர்.

வறட்சி மட்டும் காரணமில்லை. வர்ஜீனியாவில் இயற்கையாக அமைந்த ஏரிகள் இரண்டே இரண்டு, அவற்றில் ஒன்று இது. (மற்றது, கிழக்கே சதுப்பு நிலத்துக்குள் இருக்கும் டிரம்மண்ட் ஏரி.) சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து சரிந்த பாறைகள் ஒரு ஓடையை அடைத்ததால் இந்த ஏரி உருவானதாகப் புவியியலாளர்கள் கருதுகிறார்கள். மனிதர் கட்டிய அணை என்றால் இடைவெளிகளைப் பூசி அடைத்திருப்பார்கள். இது பாறைகள் தாமாகக் குவிந்த அணை. இடுக்குகளில் மண்ணும் வண்டலும் படிந்து அடைந்திருக்கும் வரை தண்ணீர் நிற்கும். அந்த வண்டல் அரித்துக்கொண்டு போனால் ஏரியின் அடியிலேயே குழிகள் திறந்து, நீர் கீழே கசிந்து ஓடிவிடும். மழையில் வரும் வரவைவிடக் கசிவு கூடும்போது ஏரி சுருங்கும். ஏரியின் அடி மண்ணை ஆராய்ந்ததில், நமக்குத் தெரிந்த காலத்துக்கு முன்பே பலமுறை இப்படி வற்றி மீண்டும் நிறைந்திருப்பது தெரிந்தது. 2013-இல் சில குழிகளை அடைத்துப் பார்த்தார்கள். 2020 வாக்கில் தண்ணீர் மீண்டும் ஏறத் தொடங்கியது. அதன் பிறகும் மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறது.

படம் எடுத்த 1986-இல் ஏரி தளும்பி நின்றது, அது தயாரிப்பாளர்களின் அதிர்ஷ்டம். நீங்கள் போகும்போது தண்ணீர் இருக்கிறதா என்று ஓட்டலுக்கு ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள். தினமும் பதில் சொல்லிப் பழகியவர்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இறுதி நடனம் நடந்த கூடத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது. அந்த முகாமின் உடற்பயிற்சிக் கூடம் அது. படத்துக்குப் பின் தீயில் அழிந்தது. பையன்கள் முகாம் இருந்த நிலம் பிறகு ‘ஃபயர்ஃபிளை கோவ்’ என்ற குடியிருப்பாக மாறிவிட்டது. பழைய கட்டடங்களின் மிச்சம் ஏதாவது இருந்தாலும் அது தனியார் நிலத்துக்குள்ளே இருக்கிறது, வேலி தாண்டிப் போகாதீர்கள். படத்தின் மீதுள்ள பிரியம் அத்துமீறலுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

பக்கத்துக் கிராமமான சிம்னி ராக்கில் எஸ்மரால்டா என்ற பழைய விடுதி இருக்கிறது. 1997-இல் எரிந்து மீண்டும் கட்டப்பட்டது. தங்கள் வரவேற்பறையின் தரைப் பலகை அந்த நடனக் கூடத்திலிருந்து கொண்டுவந்தது என்று விடுதியினர் சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ரசிகர்கள் அந்தத் தரையில் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் சாவியே வாங்குகிறார்களாம்.

நடிகர்கள் தங்கிய 1927-ஆம் ஆண்டுக் கட்டடமான லேக் லூர் இன், ஏரிக்கு எதிரிலேயே இருக்கிறது.

2024 வெள்ளத்துக்குப் பிறகு லேக் லூர் எப்படி இருக்கிறது?

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மழை அந்த மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டது. ராக்கி பிராட் ஆறு கரையை உடைத்துச் சிம்னி ராக் கிராமத்தின் கடைகளையும் சாலையையும் வாரிக்கொண்டு வந்து, கீழே இருந்த ஏரியில் கொட்டியது. மரம், கூரை, படகுத்துறை எல்லாம் ஏரியை மூடி மிதந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அணைக்கு மேலேயே தண்ணீர் வழிந்தது, ஆனால் 1920-களில் கட்டிய அந்த அணை தாக்குப்பிடித்தது. குப்பையையும் வண்டலையும் அள்ளுவதற்காக ஏரி நீரை இறக்கினார்கள். சிம்னி ராக் மாநிலப் பூங்கா 2025 ஜூன் இறுதியில் திறந்தது. மற்றதெல்லாம் மெல்ல மெல்லத்தான் மீள்கிறது. புறப்படும் முன் சாலையும் ஏரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

படத்தின் கதைக்கு மூலமான நிஜ விடுதி எது?

குரோசிங்கர்ஸ். நியூயார்க் நகரிலிருந்து சுமார் 100 மைல் தொலைவில், சல்லிவன் கவுன்டியின் லிபர்ட்டி ஊருக்குப் பக்கத்தில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் பல விடுதிகள் யூதர்களுக்கு அறை கொடுக்கவில்லை. நியூயார்க் நகரின் நெரிசலில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் கோடையைக் கழிக்கத் தங்களுக்கென்று கேட்ஸ்கில்லில் அமைத்துக்கொண்ட உலகம் அது. 1914-இல் குரோசிங்கர் குடும்பம் நொடித்துப்போன ஒரு பண்ணை வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்துச் சோறு போடத் தொடங்கியது. மகள் ஜென்னி கையில் அது வளர்ந்து 1,200 ஏக்கரில் 35 கட்டடங்களாக நின்றது. சொந்தமாக விமான ஓடுதளம், சொந்தமாகத் தபால் நிலையம். 1952-இல் பனிச்சறுக்குச் சரிவுக்குச் செயற்கைப் பனியைத் தூவியது அந்த விடுதிதான். அதற்கு முன் அப்படிச் செய்த இடம் கிடையாது. குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோ அங்கே பயிற்சி எடுத்தார்.

எலினோர் பெர்க்ஸ்டீன் புரூக்ளினைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் இளைய மகள். வீட்டில் அவரையும் ‘பேபி’ என்றே கூப்பிட்டார்கள். கோடையில் குடும்பம் குரோசிங்கர்ஸுக்குப் போகும். பெற்றோர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்க, எலினோர் நடனக் கூடத்தில் கிடப்பார். மாம்போ என்ற லத்தீன் நடனப் போட்டிகளில் ஜெயித்தவர், கல்லூரி நாட்களில் நடனம் கற்பித்தே சம்பாதித்தவர். இதெல்லாம் படத்துக்குள் அப்படியே வந்துவிட்டது.

மாம்போ எப்படி அந்த மலைக்கு வந்தது என்று கேட்டால், அதுவும் நிஜம்தான். 1950-களில் டிட்டோ புவெந்தே, மச்சிட்டோ போன்ற லத்தீன் இசைக்குழுத் தலைவர்கள் கோடையில் கேட்ஸ்கில் விடுதிகளில் வாசித்தார்கள். யூத விருந்தினர்களுக்கு மாம்போ பைத்தியம் பிடித்திருந்தது. படத்தில் இசைக்குழுத் தலைவர் டிட்டோவாக வருபவர் ஹோனி கோல்ஸ். நிஜத்தில், காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டேப் நடனத்தில் ஒரு மேதை. அவருக்கு ஒரு நிமிடம்கூட முழுதாக ஆட இடம் கொடுக்கவில்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

விடுதியின் முதலாளி மேக்ஸ் கெல்லர்மன் பணியாளர்களைக் கூட்டிவைத்துப் பேசும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். பரிமாறுகிறவர்கள் பெரிய கல்லூரி மாணவர்கள், அவர்கள் விருந்தினரின் பெண்களைக் கவனித்துக்கொள்ளலாம், தோட்டத்தில் கைகோத்து நடக்கலாம். நடனக் குழுவினருக்கோ பாடம் சொல்லிக்கொடுப்பதோடு சரி, பெண்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கேட்ஸ்கில் விடுதிகளில் மருத்துவமும் சட்டமும் படித்த பையன்கள் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தட்டு ஏந்தியது வரலாறு. பெண்ணைப் பெற்ற பெற்றோருக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடம் பாதி சம்பந்தம் பேசும் இடம். எந்தக் கட்டடத்தைவிடவும் இந்த ஏற்பாடுதான் படத்தில் இருக்கும் அசலான குரோசிங்கர்ஸ். அதனால்தான் கேட்ஸ்கில்லைத் தெரிந்துகொள்ளாமல் வர்ஜீனியாவுக்கு மட்டும் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வருவது எனக்குப் பாதி வேலையாகத் தோன்றுகிறது.

ஜானியும் பென்னியும் நிஜ மனிதர்களா?

ஒருவரை அப்படியே பிரதி எடுத்ததில்லை. 1985-இல் பெர்க்ஸ்டீன் கேட்ஸ்கில்லில் தகவல் சேகரித்தபோது மைக்கேல் டெரஸ் என்ற மாம்போ ஆசிரியரைச் சந்தித்தார். ஜானியின் கதையில் அவர் சொன்னது நிறைய இருக்கிறது. குரோசிங்கர்ஸில் நெடுங்காலம் நடனம் கற்பித்த ஜாக்கி ஹார்னரும் படத்துக்கு ஆலோசனை சொன்னார். தர்பூசணிக்குள் வோட்கா ஊற்றிப் பணியாளர் விருந்துக்குக் கடத்திய கதையைச் சொன்னவர் அவர்தான். பேபி தூக்கிக்கொண்டு போன தர்பூசணியில் என்ன இருந்தது என்று இனி நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பேபியின் இயற்பெயர் ஃபிரான்சஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணான ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸின் பெயர் அது என்று படத்திலேயே சொல்லிவிடுகிறாள்.

பேபி மேடையேறும் ஷெல்ட்ரேக் ஓட்டல்?

கற்பனை. ஆனால் லாக் ஷெல்ட்ரேக் என்ற ஊர் சல்லிவன் கவுன்டியில் இருக்கிறது, பெரிய விடுதிகள் இருந்த ஊரும்கூட.

கேட்ஸ்கில்லில் இன்று பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

குரோசிங்கர்ஸில் பெரிதாக எதுவும் இல்லை. 1985-இல் குடும்பம் அதை விற்றது. வாங்கிய நிறுவனம் புதுப்பிக்கிறோம் என்று 1986-இல் சில கட்டடங்களை இடித்தது, விடுதி மறுபடி திறக்கவே இல்லை. அதே ஆண்டுதான் தெற்கே மேக்ஸ் கெல்லர்மனாக நடித்த ஜாக் வெஸ்டன், காலம் மாறிவிட்டது, இளசுகள் ஐரோப்பாவுக்கு ஓடுகிறார்கள், எல்லாம் கைநழுவுகிறது என்று கேமரா முன் புலம்பிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பெரும்பாலான கட்டடங்களை 2018-இல் தரைமட்டமாக்கினார்கள்.

இந்த வீழ்ச்சிக்கு அந்த ஊர்க்காரர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். விமானக் கட்டணம் குறைந்தது, வீட்டுக்கு ஏ.சி. வந்தது, யூதர்களுக்கு எல்லா ஓட்டல்களும் கதவைத் திறந்தன. மூன்றாவது நல்ல செய்தி. அதுதான் கேட்ஸ்கில்லை அதிகம் பாதித்தது.

கியாமெஷா ஏரிக்கரையில் இருந்த கான்கார்ட் என்ற மாபெரும் விடுதி 1998-இல் மூடியது. அதன் நிலத்தில் 2018 முதல் ஒரு சூதாட்ட விடுதி நடக்கிறது. மான்டிசெல்லோவில் இருந்த குட்ஷர்ஸ் கடைசிவரை தாக்குப்பிடித்தது. கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் பள்ளிப் பையனாக 1954 கோடையில் அங்கே பெட்டி தூக்கினார். 2013-இல் அதை வாங்கியவர் யார் தெரியுமா? ஜீ தொலைக்காட்சியைத் தொடங்கிய சுபாஷ் சந்திரா. பழைய கட்டடங்களை இடித்துவிட்டு ஆயுர்வேதம், யோகா என்று ஒரு நலவாழ்வு விடுதி கட்டினார்கள். கறி விருந்துக்கும் மாம்போவுக்கும் பேர்போன இடத்தில் இப்போது எண்ணெய்க் குளியல்.

போனால் எலன்வில் ஊரில் இருக்கும் போர்ஷ்ட் பெல்ட் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். போர்ஷ்ட் பெல்ட் என்பது இந்த விடுதிகள் இருந்த வட்டாரத்துக்கு இருந்த செல்லப்பெயர். 2023 முதல் ஒவ்வொரு ஊரிலும் பழைய விடுதிகளின் வரலாற்றைச் சொல்லும் பலகைகளையும் நட்டுவருகிறார்கள். பலகையிலிருந்து பலகைக்குக் கார் ஓட்டினால் ஒரு நாள் நன்றாகப் போகும்.

ஒரே பயணத்தில் வர்ஜீனியாவையும் வட கரோலினாவையும் பார்க்கலாமா?

தாராளமாக. இரண்டுக்கும் இடையே காரில் சுமார் 4 மணி நேரம். லேக் லூருக்கு ஆஷ்வில் நகரிலிருந்து முக்கால் மணி நேரம், ஷார்லெட்டிலிருந்து 2 மணி நேரம். மவுன்டன் லேக்குக்கு ரோனோக் விமான நிலையம் பக்கம். பிளாக்ஸ்பர்க்கில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் வசதி, அங்கிருந்து மலையேற ஒரு மணி நேரம்கூட ஆகாது. பஸ், ரயில் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மவுன்டன் லேக். கல் கட்டடம் அப்படியே நிற்கிறது, அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆண்டில் சில வார இறுதிகளில் படத்துக்கென்றே தனி நிகழ்ச்சி வைக்கிறார்கள்: இடங்களைச் சுற்றிக்காட்டுவது, நடன வகுப்பு, இரவில் படம். அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

2017-இல் வந்த தொலைக்காட்சி மறுஆக்கத்தை எங்கே எடுத்தார்கள்?

வட கரோலினாவின் மேற்கு மலைகளில், காஷியர்ஸ் ஊரின் ஹை ஹாம்ப்டன் விடுதி உட்படச் சில இடங்களில். இடங்கள் அழகு. படத்தைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்தத் தூக்கலை நாங்களும் செய்து பார்க்கலாமா?

பலர் செய்கிறார்கள். லேக் லூரில் 2010-இல் தொடங்கிய ‘டர்ட்டி டான்சிங்’ விழாவில் தண்ணீரில் தூக்குவதற்கென்றே போட்டி உண்டு. வெள்ளத்துக்குப் பிந்தைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள். தண்ணீரில் பயில்வதில் அர்த்தம் இருக்கிறது: இடுப்பளவு நீரில் தவறி விழுந்தால் உடை நனைவதோடு போயிற்று. தரையில் அப்படியல்ல. மேடையில் பறக்கும் அந்தத் தூக்கலை ஜெனிஃபர் கிரே பயந்து ஒத்திகையே பார்க்கவில்லை, கேமரா ஓடிய நாளில்தான் முதன்முறை பாய்ந்தார். ஸ்வேஸியோ, மரக்கட்டையின் மேல் நின்று சமநிலை பழகும் காட்சியில் திரும்பத் திரும்ப விழுந்து, முழங்காலில் கோத்த நீரை மருத்துவமனையில் எடுத்துவிட்டுத்தான் தொடர்ந்து ஆடினார். சிறுவயதிலிருந்தே நடனம் பயின்றவருக்கே அந்தக் கதி. நீச்சல் தெரிந்த ஒருவரைக் கரையில் நிறுத்திவைத்துவிட்டு இறங்குங்கள்.